முப்பத்தெட்டு நிமிடங்கள்

மொண்டேவீடியோவில் ஜூலை.
சுவர்களில் ஈரம் ஏறும் மாதம்.
பாந்தோனியோனின் துருத்தி
இழுக்கும்போது முனகுகிறது.
அதை மன்னித்துவிட்டேன், அதற்கு எண்பது வயது.
நான்கு வயதுக் கணினியைத்தான்
மன்னிக்க முடியவில்லை.

வால்ஸின் இரண்டாம் பகுதி,
துருத்தி முழுக்க விரிந்து
நானும் மூச்சை அடக்கும் இடம்.
ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு சடக்.
காய்ந்த சுள்ளியை யாரோ மிதித்ததுபோல.

வாஷிங்டன் எச்செவெரி போனில் சொன்னான்
(பகலில் மருந்துக்கடை, இரவில் டபுள் பேஸ்):
"சுல்மா, உன் கணினி
ஒரே நேரத்தில் நாற்பது வேலை பார்க்கிறது.
உன்னைக் கேட்பது நாற்பத்தோராவது."

சரியென்று ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்து
வெளியே தள்ளினேன்.
வைஃபை. ஆன்டிவைரஸ். நள்ளிரவில் விழித்துக்கொள்ளும் அப்டேட்.
மேகத்துக்குப் படங்களைச் சுமந்துகொண்டே இருக்கும்
அந்த ஓயாத கூலியாள்.
மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று
நான் மெதுவாக வாசித்தால் தானும் கண்ணயரும்
அந்தச் சிக்கன ஏற்பாடு.
மைக்கின் வயரை இடைப்பெட்டியிலிருந்து பிடுங்கி
நேராகக் கணினியின் விலாவில் செருகினேன்.

சடக் போயிற்று.
அது போனபிறகுதான்
அடியில் ஒரு ரீங்காரம் இருந்தது தெரிந்தது.

சார்ஜர்.
இது பழைய கட்டடம்.
பூமிக்குப் போகவேண்டிய கம்பி
நாலாம் மாடியிலிருந்து புறப்பட்டு
எங்கேயோ நின்றுவிட்டது.
கழற்றினால் அமைதி.
கழற்றினால் பேட்டரி முப்பத்தெட்டு நிமிடம்.
நிரப்பு, கழற்று, வாசி, மறுபடி நிரப்பு:
டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் தெருமாதிரி ஆனது ராத்திரி.

பஃபர் என்று ஒன்று உண்டு.
கூட்டினால் கணினிக்கு நிம்மதி.
ஆனால் விரல் அழுத்தி, கொஞ்சம் கழித்தே
ஹெட்போனில் சத்தம்.
எனக்குப் பின்னால் இன்னொரு சுல்மா,
சற்றுச் சோம்பேறி,
அதே வால்ஸை வாசிக்கிறாள்.
ஒரு காதைக் கழற்றிவிட்டேன்.
அவளோடு எனக்குப் பேச்சில்லை.

கடைசியாக ஃப்ரிட்ஜ்.
அதன் உறுமலும் மைக்கில் ஏறியது.
ப்ளக்கைப் பிடுங்கியபோது மணி ஒன்பது.

பன்னிரண்டே காலுக்கு வந்தது அந்த வாசிப்பு.
எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்,
தோள்கள் எனக்குச் சொந்தமில்லாதவைபோல அசைந்தன.
முடித்து, ஹெட்போனை மாட்டிக் கேட்டேன்.
மூன்றாம் நிமிடத்தில்
டொக்.

வந்தது கோபம்.
பஃபரை இரட்டித்தேன், பிறகு அதையும் இரட்டித்தேன்.
இன்னும் என்ன ஓடுகிறது என்று பட்டியலைத் திறந்து
பெயர் தெரியாதவற்றையெல்லாம் கொன்றேன்.
கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவள்
நானாகத்தான் இருக்கவேண்டும்.
மறுபடி வாசித்தேன்.
டொக்.
பேட்டரி ஆறு நிமிடம் என்றது.

ஹெட்போனைக் கழற்றினேன்.
டொக்.

எழுந்தபோது சாக்ஸ் நனைந்தது.
சமையலறை வாசல்வரை தண்ணீர்,
கரைந்த பனிக்கட்டி சொட்டுச் சொட்டாய்
தகரத் தட்டில்.
மூன்று மெர்லூசா மீன்கள்
என்னை ஏதோ கேட்க நினைத்துக் கேட்காமல்
வாய் திறந்தபடி.

அதிகாலை இரண்டு மணிக்கு மீன் பொரித்தேன்.
வேறென்ன செய்வது.
உப்புப் போதவில்லை.

வைஃபையை விட்டதும்
பத்தொன்பது அப்டேட்கள் முண்டியடித்து உள்ளே வந்தன.
பன்னிரண்டே கால் வாசிப்பை அவனுக்கு அனுப்பினேன்,
மீனைப் பற்றிச் சொல்லவில்லை.

விடிந்து பதில் வந்தது:
"தாளக்காரர் யார்?
இம்மியளவு பின்தங்குகிறார்.
திருத்தாதே, அப்படியே இருக்கட்டும்.
கூலி எவ்வளவு கேட்டார்?"